வளையத்தில் அயனி ஓடிய ஏழு நாட்கள்

மகனே,

'இங்கு யாவரும் நலம்' என்று எழுதி எழுதிப் பழகிய கை இது. நம் ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும், மழை ஏமாற்றி மிளகாய்ச் செடி நின்ற நிலையில் கருகியிருந்தாலும், எல்லாக் கடிதமும் அந்த மூன்று சொற்களில்தான் தொடங்கும். இந்தக் கடிதத்தை அப்படித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. உன் அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாய். "சாப்பிட்டீகளாய்யா?" என்கிறாய். "சாப்பிட்டேன்ப்பா" என்கிறேன். "மாத்திரை?" "போட்டாச்சு." "சரி, வச்சிர்றேன்." ஜெர்மனிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவில் நமக்கென்று மிச்சம் இருப்பது அந்த ஒரு நிமிஷம்தான். அதில் சொல்லமுடியாமல் போனதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

இதில் ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. தனியாகச் சொன்னால் நீ நம்பமாட்டாய். நம்பாமல் இருக்க உனக்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணமும் நான்தான். நாலு பேர் பார்க்க எழுதிவிட்டால் பிறகு நான் மாற்றிப் பேச முடியாது அல்லவா? இன்னொன்றும் உண்டு. ஊரில் உன்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. "பெத்தவ சாகக் கெடக்கையில மிசினு முன்னாடி உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தானாம்" என்று டீக்கடையில் என் காதுபடவே சொல்கிறார்கள். மூன்று வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அது உன் குற்றமே இல்லை என்பதை ஊரும் படிக்கட்டும்.

எங்கள் காலத்தில், தூரத்தில் இருப்பவனுக்குச் சாவை நேராகச் சொல்லும் வழக்கம் கிடையாது. 'உடம்பு சரியில்லை, புறப்பட்டு வா' என்றுதான் சொல்வோம். தனியாகப் பயணம் செய்து வருகிறவன் வழியிலேயே இடிந்துவிடக் கூடாது என்பது அதற்கு நாங்கள் சொன்ன நியாயம். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். பக்கத்து வீட்டுச் சேதுவை நினைவிருக்கும். அவன் சவூதியில் இருந்தபோது அவன் அய்யா செத்துப்போனார். ஒப்பந்தம் முடியாமல் அவனால் வரமுடியாது. அவன் அம்மா என்னிடம் வந்து, "சொல்லிராதீகண்ணே, அங்கன ஏதாச்சும் பண்ணிக்கிருவான்" என்று அழுதாள். அவன் வரும்வரை ஏழு மாதம், செத்தவர் சொல்லச் சொல்ல எழுதுவதுபோல நானே எழுதினேன். மாடு கன்று போட்டது, ஊரணி பெருகியது, எனக்கு இருமல் தேவலை என்றெல்லாம் எழுதினேன். சேது திரும்பி வந்து, அழுது ஓய்ந்த பிறகு, கடிதக்கட்டோடு நம் வீட்டுக்கு வந்தான். "மாமா, இதுல எது வரைக்கும் எங்கய்யா சொன்னது?" என்று கேட்டான். உயிரோடு இருந்தபோது அவர் சொல்லி எழுதியதும் என் கையெழுத்துதான், செத்த பிறகு நானாக எழுதியதும் என் கையெழுத்துதான். பிரித்துப் பார்த்தேன். ஒரு கடிதம் மட்டும் யார் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை. குத்துமதிப்பாக, "இது அவர் சொன்னதுதாம்ப்பா" என்று கொடுத்துவிட்டேன். இதைப் பல வருஷம் என் சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீ ஒருதடவைகூடச் சிரித்ததில்லை.

அடுத்தது செல்வி. உன் தங்கையைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. அவளுக்குப் பதினாறு வயது, நீ மதுரையில் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். மஞ்சள் காமாலை. நாட்டு மருந்தில் இறங்கிவிடும் என்று பத்து நாளை வீணாக்கியவன் நான், அது தனிக் குற்றம். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் விடிகிற நேரத்தில் போய்விட்டாள். அவளை ஏற்றிய வண்டியில் உன் அம்மாவும் ஏறும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளகிட்ட உள்ளதச் சொல்லிருங்க. வழிநெடுக அழுதுக்கிட்டே வரட்டும். இங்கன வந்து எறங்கி மொத்தமா அழுதா அவன் தாங்கமாட்டான்" என்றாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம போ" என்று அதட்டி அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன் ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். "செல்விக்கு ஒடம்பு சரியில்ல, பொறப்பட்டு வா." நீ உடனே கேட்டாய், "இருக்காளாய்யா?" "இருக்காடா. உன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா." "பேசச் சொல்லுங்க." "பேசுற தெம்பு இல்லடா அவளுக்கு." சத்தியம்கூடச் செய்தேன்.

நீ மதுரையில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாய். காமாலைக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாலு மணி நேரம் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவளை மதுரைக்குக் கூட்டிப்போய் எந்த டாக்டரிடம் காட்டலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தாயாம். பின்னால் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். ஊர் விலக்கில் இறங்கியதுமே உனக்கு ஒப்பாரி கேட்டிருக்கிறது. பையோடு வாசலில் வந்து நின்றாய். "இருக்கான்னு சொன்னீகளேய்யா" என்றாய். பெரியவர்கள் எல்லாம் எனக்காகப் பேசினார்கள். "பின்ன எப்பிடிப்பா போன்ல சொல்றது?" என்றார்கள். நீ அவர்கள் யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தாய். அன்றோடு என் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லுக்கும் உன்னிடம் மதிப்பு இல்லாமல் போயிற்று. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சின்னப் பிள்ளைக் கோபம், தணிந்துவிடும் என்று நினைத்தேன்.

நீ படித்தாய், மேலும் மேலும் படித்தாய், ஜெர்மனிக்குப் போனாய். முதல் லீவில் வந்திருந்தபோது உன் அம்மா முற்றத்தில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நீயும் எதிரில் உட்கார்ந்து கிள்ளினாய். "அங்கன ஒனக்கு என்னதாம்ப்பா வேல?" என்று கேட்டாள். நீ பொறுமையாகச் சொன்னாய். ஒரு யுரேனிய அணுவில் தொண்ணூற்றிரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அதில் எண்பத்தொன்பதை உரித்து எடுத்துவிட்டு வெறும் மூன்றோடு அதை ஒரு வளையத்துக்குள் ஓடவிடுவீர்கள். அப்படி உரித்த அணுவுக்கு அயனி என்று பெயர். நூறு மீட்டர் சுற்றளவில் காற்றே இல்லாத குழாய், சுற்றிலும் காந்தம். ஒரு நொடியில் பத்து லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். உன் அம்மா கையை நிறுத்திவிட்டாள். "பாவம், அம்புட்டையும் உரிச்சுப்புட்டு ஏன்ப்பா அத ஓட வெரட்டுறீக?" என்றாள். நீ சிரித்தாய். "எழந்ததுல ஒண்ண அது எப்பிடித் திரும்பப் பிடிக்குதுன்னு பாக்கத்தாம்மா" என்றாய்.

பிறகு பஸ் கதையைச் சொன்னாய். நீ முதன்முதலாக ஹாஸ்டலுக்குப் போன அன்று, பஸ் கிளம்பிய பிறகு உன் அம்மா ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினாள். "பஸ்ஸு வேகத்துக்கு நீ ஓடுனதாலதான சன்னல் வழியாக் குடுக்க முடிஞ்சது? அதேதாம்மா" என்றாய். வளையத்தில் ஓரிடத்தில் எலக்ட்ரான் கூட்டம் ஒன்றை அயனிகளோடு அதே திசையில், ஏறக்குறைய அதே வேகத்தில் சேர்த்து ஓடவிடுவீர்கள். வேகத்தை ஒரு மயிரிழை கூட்டிக் குறைத்துப் பார்த்தால், சில அளவுகளில் மட்டும் திடீரென்று நிறையப் பிடிக்கும். வந்து விழுகிற எலக்ட்ரான் கொண்டுவரும் சக்தி, உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒன்றை மேல்படிக்குத் தூக்கிவிட மிகச் சரியாக இருந்தால்தான் அது நடக்கும். பிடித்த அயனி பிறகு பழைய வழியில் சுற்றாது. காந்தம் அதை முன்போல வளைக்க முடியாமல் விட, ஓரமாக ஒதுங்கிப்போய் ஒரு கருவியில் விழும். விழுவதை எண்ணுவதுதான் உன் வேலை. "ஒண்ணு கெடச்சதும் சுத்துறத விட்டுட்டு ஒதுங்கிருது. நல்லாருக்கட்டும்" என்றாள் உன் அம்மா. நான் என் பங்குக்கு, "இத எண்ணி யாருக்குடா சோறு?" என்று நக்கலடித்தேன். நட்சத்திரத்திலிருந்து வரும் வெளிச்சத்தைப் படிப்பதற்கு இந்த எண்ணிக்கை வேண்டும் என்று நீ சொன்னாய். எனக்குப் புரிந்தது, புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வளையம் உனக்கு மட்டும் சொந்தமில்லை என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பல நாட்டுக்காரர்கள் எழுதிக் கேட்பார்கள், ஒரு குழு உட்கார்ந்து நாள் ஒதுக்கும். கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பது மாதிரிதான். முறை தவறினால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்லமுடியாது. உன் முறைக்கு இரண்டு வருஷம் காத்திருந்தாய். ஏழு நாள் கிடைத்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "எம் மகனுக்கு ஏழு நாளு ஒதுக்கியிருக்காக" என்பாள். என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு அவளால் பதில் சொல்ல முடிந்தது. ஊறுகாய் பாட்டிலில் ஆரம்பித்து ஒழுங்காகச் சொல்லி முடிப்பாள்.

உன் முறை தொடங்கிய மறுநாள், திங்கட்கிழமை காலையில், களத்தில் காயப்போட்ட மிளகாயைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே அதன் மேல் சாய்ந்தாள். மதுரைக்குக் கொண்டுபோனோம். வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆனால் நினைவு இருந்தது, எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. "எதுவும் சொல்ல முடியாது, பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். உனக்குப் போன் செய்தேன். "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லப்பா, பொறப்பட்டு வா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது? அதுதான் உண்மை.  நீ, "இருக்காகளாய்யா?" என்றாய். "இருக்காடா, உன்னயத்தான் தேடுறா." "போன அம்மாட்டக் குடுங்க." "அவளால பேச முடியலடா." இப்போது எழுதும்போதுதான் எனக்கே கேட்கிறது. செல்விக்குச் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசை.  நீ தணிந்த குரலில் கேட்டாய்.

"எத்தன மணிக்கு எடுக்குறீக?"

என் கோபம் உனக்குத் தெரியும். கண் முன்னால் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறவளை எப்போது சுடுகாட்டுக்குத் தூக்குவீர்கள் என்று பெற்ற பிள்ளை கேட்கிறான். "நீயெல்லாம் ஒரு புள்ளையாடா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ஒரு எட்டு தள்ளி நர்ஸ் நின்றிருந்தாள். போனை அவள் கையில் கொடுத்து, "ஒரு வார்த்த சொல்லும்மா" என்று கேட்டிருக்கலாம். டாக்டர் அடுத்த கட்டிலில் இருந்தார். எதுவும் வேண்டாம், போனைக் கொண்டுபோய் உன் அம்மா வாயருகே பிடித்திருந்தால் அவள் மூச்சுச் சத்தமாவது உனக்குக் கேட்டிருக்கும். நான் சொன்னதற்கு ஒரு நர்ஸ் சாட்சி சொல்ல வேண்டுமா என்ற வீம்பு எனக்கு. உன் மாமா, "நான் பேசுறேன் மச்சான்" என்றபோதும், "வேணாம், அவனா வரட்டும்" என்று தடுத்துவிட்டேன். புதன்கிழமை மனசு கேட்காமல் நானே இரண்டு தடவை அடித்தேன், நீ எடுக்கவில்லை. வேலை நடக்கும் அறைக்குள் போனைக் கொண்டுபோவதில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு அது என் வீம்புக்கு இன்னும் தீனி போட்டது. நீ நம்பாததற்குக் காரணம் செல்வி என்பது ஒரு நொடிகூட என் புத்தியில் தட்டவில்லையடா. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் தட்டவில்லை.

உன் அம்மா இடது கையைக் காதில் வைத்துக் காட்டுவாள். போன் செய்தாயா என்று கேட்கிறாள். "பண்ணிட்டேன், வந்துக்கிட்டு இருக்கான்" என்பேன். புதன்கிழமை உன்னைப் பிளேனில் ஏற்றினேன். வியாழக்கிழமை சென்னையில் இறக்கினேன். அவளுடைய கண் வாசற்கதவைவிட்டு நகரவில்லை. யார் உள்ளே வந்தாலும் தலையைத் தூக்கப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், "மதுரைக்கு வந்துட்டான், இந்தா கால் மணி நேரத்துல வந்துருவான்" என்றேன். கால் மணி நேரம் கதவைப் பார்த்தாள். அரை மணி நேரம் பார்த்தாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள், என் பொய்யின் வாசம் தெரியாதவளா? அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த என் கையை இடது கையால் மெதுவாக விலக்கிவிட்டாள். அதன் பிறகு கதவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலையில் போய்விட்டாள்.

எனக்குக் கை ஓடவில்லை. உன் மாமாதான் வராந்தாவில் நின்று உனக்குப் போன் செய்தார், நல்லவேளையாக அப்போது எடுத்தாய். அவர் அழுதுகொண்டே, "மாப்ள, அக்கா போயிருச்சுடா" என்றார். நீ அழவில்லையாம். "தெரியும் மாமா. திங்கக்கெழமையே அய்யா சொன்னாக" என்றாயாம். "என்னடா சொல்றே? இப்பத்தானடா, பத்து நிமிசம்கூட ஆகலயேடா!" என்று அவர் அலறியது வார்டு முழுக்கக் கேட்டது.  லைன் மட்டும் இருந்தது. அவர் "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றார். அந்த நிமிஷத்தில்தான், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் விளங்கியது.

இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். திங்கட்கிழமை மத்தியானம் காரில் வந்து இறங்கினாய். சித்திரை வெயிலில் தலையில் ஒரு கம்பளிக் குல்லாய். பெட்டிப் பக்கத்தில் நின்று பார்த்தாய். கொள்ளி வைக்கிறவனுக்குத் தலை இறக்க வேண்டும் என்று உன்னை மனைப்பலகையில் உட்காரவைத்தார்கள். நீ குல்லாயைக் கழற்றினாய். ஏற்கெனவே மழித்த தலை, அதில் ஒரு வாரத்து முடி. கத்தியோடு வந்தவர் திகைத்துப்போய், "என்ன தம்பி, முன்னாடியே எறக்கியிருக்கீக?" என்று கேட்டார். "போன திங்கக்கெழம எறக்குனது" என்றாய். சுற்றி நின்ற பெண்கள் அழுவதை நிறுத்திவிட்டார்கள்.  அவர் உன் தலையைத் தண்ணீரால் நனைத்து, இரண்டாம் தடவை மழித்தார்.

அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் போனோம். அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நீ வாயைத் திறந்தாய். நான் போனை வைத்ததும் அறைக்குப் போய்ச் சவரக்கத்தியால் நீயே தலையை மழித்திருக்கிறாய். குளித்துவிட்டுக் கடையில் எள் வாங்கியிருக்கிறாய். "அங்கனயும் எள்ளு கெடைக்குதுய்யா" என்று எனக்குத் தகவல் மாதிரிச் சொன்னாய். ஆற்றங்கரையில் நின்று அம்மா பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டிருக்கிறாய். கிளம்பினாலும் வந்து சேர இரண்டு நாள் ஆகும், அதற்குள் எரித்து முடித்துவிடுவார்கள், இனிப் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாய். கூட வேலை செய்கிறவர்களிடம்கூடச் சொல்லவில்லை. "அழுக வரலய்யா. அது ஓடிக்கிட்டே இருந்துச்சு, நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றாய். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, "உசுரோட இருந்தவளுக்குத் தண்ணி விட்டுட்டேன்யா" என்றாய். உன் தோளில் கை வைத்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது என்று உன் காலில்கூட விழுந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நேரமாகுது, பஸ்ஸப் பிடிப்போம்" என்றேன். அந்தக் கரையில் நான் சொல்லாமல் விட்டதைத்தான் இவ்வளவு நீளமாக இப்போது எழுதுகிறேன்.

அந்த ஏழு நாள் எண்ணிக்கையிலிருந்து நீ எழுதிய கட்டுரையை எனக்கு அனுப்பவில்லை. உன் மாமா மகன் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தான். பழைய எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு முட்டி மோதிப் பார்த்தேன். ஒரு படம் இருக்கிறது. கீழே ஒரு கோடு, அதன்மேல் அங்கங்கே மேடுகள். நிறையப் பிடித்த இடமெல்லாம் மேடு என்று அவன் விளக்கினான். மகனே, இதில் எந்த மேடு செவ்வாய்க்கிழமை? எது வியாழன்? ஒவ்வொரு மேடும் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் கண் விழித்திருந்தாள், கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீயும் அதை நினைத்துத்தான் எனக்கு அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். உன்னால் அந்தப் படத்தை இனிமேல் வெறும் படமாகப் பார்க்க முடியாது. உன் உழைப்பையும் நான் கெடுத்துவிட்டேன்.

இன்னொரு இடத்தையும் அவன் படித்துச் சொன்னான். வேகம் மிகவும் ஒத்துப்போகிற இடத்தில், கணக்குப் போட்டு எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே அயனிகள் எலக்ட்ரானைப் பிடிக்கின்றன, முழுக் காரணம் இன்னும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாயாம். தெரியவில்லை என்று நாலு நாட்டுக்காரர் படிக்க அச்சில் போட்டிருக்கிறாய். விழுந்ததை மட்டும் எண்ணி, கணக்குக்கு ஒத்துவராததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாய். நாற்பது வருஷம் ஊருக்கே எழுதிக் கொடுத்தவன் நான். 'தெரியவில்லை' என்றும் எழுதியதில்லை, 'செத்துவிட்டார்' என்றும் எழுதியதில்லை. உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் தகப்பன் புத்தி சும்மா இருக்காது, ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வந்தால், அவர்களிடம் உள்ளதைச் சொல். வழிநெடுக அழுதுகொண்டே வரட்டும். உன் அம்மா அன்றைக்கே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

இப்போது என் சங்கதி. இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. ஒரு மாதத்துக்குள் நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் செய்தாக வேண்டும் என்கிறார் டாக்டர். சர்க்கரையும் இருப்பதால் எப்படி ஆகும் என்று உறுதி சொல்லமாட்டேன் என்கிறார். உன் மாமா, "மாப்ளட்ட எப்பிடி மச்சான் சொல்றது?" என்று கையைப் பிசைந்தார். அவரை டீக்கடையில் நாலு பேர் நடுவில் உட்காரவைத்தேன். "நான் செத்துட்டா, செத்துட்டாருன்னு சொல்லணும். அந்த வார்த்த வார வரைக்கும் நான் உசுரோட இருக்கேன்னு அவனுக்குத் தெரியணும். எங்க, இப்பச் சொல்லு" என்றேன்.  "மச்சான் வந்து... மச்சானுக்கு ஒடம்பு..." என்று மூன்று தடவை பழைய வழக்கத்துக்கே போனார். நான் விடவில்லை. நாலாம் தடவை, "எங்க மச்சான் செத்துப்போயிட்டாரு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். டீக்கடைக்காரர் என்னைத் திட்டினார். திட்டட்டும். இனி இந்த ஊரிலிருந்து உனக்கு யாரும் பொய் சொல்லமாட்டார்கள்.

டாக்டரின் போன் நம்பரை உன் கடிதத்துக்குள் தனித்தாளில் வைத்திருக்கிறேன். என்னை நம்ப வேண்டாம், அவரையே கேள். எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லச் சொல்லி அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ வந்து சேரும்போது நான் இருப்பேன் என்று சத்தியம் செய்யமாட்டேன், எனக்குத் தெரியாது. இதை எழுதுகிற இந்தப் புதன்கிழமை காலையில் இருக்கிறேன். உன்னைப் பார்க்காமல் என்னால் முடியவில்லை. வா.

உன் அய்யா